பதினைந்து கிலோ இரும்புமலை

தமயந்தி இருபது வருடத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருந்த இரும்புமலை இந்திரஜித், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பல்லாவரம் சந்தையில், கலீல் விரித்திருந்த நீலத் தார்ப்பாயின் மேல், முள் இல்லாத கடிகாரங்களுக்கும் பட்டன் தேய்ந்த ரிமோட்டுகளுக்கும் தலை மட்டும் திரும்புகிற ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கும் நடுவே, ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக்கட்டின் கடைசிச் சீட்டாகப் படுத்திருந்தான்.

குரோம்பேட்டையில் ஒரு கூரியர் ஆபீஸ் கவுண்டரில் அவளுக்கு வேலை. வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்று காலை இட்லியை வேகவைத்து மூடிவிட்டு, தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் கணவர் பாலமுரளி இதைக் கோயிலுக்குப் போகிற மாதிரிதான் எடுத்துக்கொண்டார், சாயங்காலம் திரும்பி வந்தால் “தரிசனம் கெடச்சுதா?” என்று கேட்பார், அவள் “இன்னிக்கும் நடை சாத்திட்டாங்க” என்பாள், இருவரும் டீ குடிப்பார்கள்.

அவள் தேடியது ட்ரம்ப் கார்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மல்யுத்த வீரனின் படம் இருக்கும், படத்துக்குக் கீழே அவனுடைய உயரம், எடை, மார்பளவு, போட்ட சண்டை, ஜெயித்த சண்டை எல்லாம் இருக்கும்; ஒருத்தர் எடையைக் கூப்பிட்டால் யார் கையில் எடை அதிகமோ அவர் மற்றவர் சீட்டை அள்ளிக்கொள்வார், அவ்வளவுதான் ஆட்டம். ஒரு காலத்தில் மசாலா அப்பளப்பூ பாக்கெட்டுக்குள் இலவசமாக வந்த கட்டு அது. சிவகாசிப் பக்கம் அதை அச்சடித்தவர்கள் மல்யுத்தம் எதையும் பார்த்ததில்லை, ஆகையால் முப்பத்திரண்டு வீரர்களையும் அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள், பேர் வைத்தார்கள், மீசை வைத்தார்கள், சிவப்பு ஜட்டியும் மஞ்சள் பூட்ஸும் மாட்டிவிட்டார்கள். அதில் முப்பத்தொரு பேர் தமயந்தியின் ஆல்பத்தில் இருந்தார்கள். மிச்சம் ஒருவன்தான் இரும்புமலை இந்திரஜித். உயரம் ஏழடி இரண்டு அங்குலம், எடை நூற்றைம்பது கிலோ என்று இருக்கவேண்டியவன். அச்சில் ஒரு சைபர் விழுந்துபோய் பதினைந்து கிலோ என்று வந்துவிட்டது. பாக்கெட் கடைக்குப் போன கொஞ்ச நாளிலேயே கம்பெனிக்காரர்கள் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கொளுத்திவிட்டார்கள் என்றும், தப்பியது ஒன்றோ இரண்டோ என்றும் சீட்டு சேர்ப்பவர்களுக்கு நடுவே பேச்சு.

தமயந்தி குந்தி உட்கார்ந்து கட்டைப் பிரித்து, கடைசிச் சீட்டைப் பார்த்து, அதன் இடது ஓரத்தைப் பிடித்த அதே நேரத்தில் வலது ஓரத்தை இன்னொரு கை பிடித்தது. வெள்ளைக் கையுறை போட்ட கை. மந்தைவெளி வசந்தராகவனின் கை. பழைய சீட்டும் தீப்பெட்டிப் படமும் சேர்ப்பவர்களில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது, வருடத்துக்கு ஒரு முறை கண்காட்சி நடத்துகிறவர், வெறும் கையால் எந்த அட்டையையும் தொடாதவர்.

“மேடம், விடுங்க. கை வேர்வை பட்டா அட்டை பாழாயிடும்.”

“நான்தான் சார் முதல்ல எடுத்தேன்.”

“நான் முதல்ல பாத்தேன்.”

அவள் இழுத்தாள், அவர் இழுத்தார், அட்டை நடுவில் வளைந்தது, நீல வானப் பின்னணியில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்த இரும்புமலை இந்திரஜித் தன் சீட்டு கிழியப்போவதைக் கண்டு, வெள்ளை ஓரத்தைத் தாண்டி வலது காலை வெளியே வைத்தான், பிறகு தலையைக் குனிந்து தோளை நுழைத்து, இடது காலையும் எடுத்து வைத்து, ஏழடி இரண்டு அங்குலமாக நிமிர்ந்து நின்றான்.

“அண்ணே, பாத்து, சாமான் மேல கால வைக்காத!” என்று கத்தினான் கலீல்.

ஆனால் எதுவும் உடையவில்லை. மஞ்சள் பூட்ஸ் ஒரு கடிகாரக் கண்ணாடியின் மேல் முழுதாக நின்றிருந்தது, கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது, பெரிய காற்றுகூட இல்லை, பக்கத்துக் கடையில் தொங்கிய பழைய சட்டைகள் லேசாக அசைந்த காற்று. அதற்கே அந்த மாமனிதன் இரண்டு கடை தள்ளிப்போய், பழைய இரும்பு விற்கிற அந்தோணியம்மாவின் கடைக் குடைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்தோணியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஐம்பது வயசுக்காரி, பூட்டும் ஸ்பேனரும் தராசுப் படிக்கல்லும் விற்றே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள், எதையும் பார்த்த உடனே எடை போட்டுவிடுகிற கண் அவளுக்கு.

“இன்னாய்யா, ஆளு இம்மாம் பெருசா கீற, முருங்கைக்காய் மாதிரி ஆடுற?”

“என் எடை பதினைந்து கிலோ,” என்றான் அவன். அவனுக்கு அச்சுத் தமிழ்தான் தெரியும். “மார்பளவு அறுபது அங்குலம். சண்டைகள் நானூற்றுப் பன்னிரண்டு. வென்றவை நானூற்றுப் பன்னிரண்டு.”

“ஜெயிச்சது இருக்கட்டும், முதல்ல நில்லு,” என்று அவள் இரண்டு ஐந்து கிலோ படிக்கல்லை எடுத்து, சாக்குக் கயிற்றில் கோர்த்து, அவன் இடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிவிட்டாள். அவன் நின்றான்.

சீட்டு யாருக்கு என்று கலீல்தான் தீர்ப்பு சொன்னான். அக்கா வாராவாரம் வருகிறவர், சார் வருடத்துக்கு நாலு தடவை வருகிறவர், ஆகையால் சீட்டு அக்காவுக்கு. சீட்டிலிருந்து இறங்கின ஆள் வியாபாரத்தில் சேர்த்தி இல்லை, அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேயே நிற்கட்டும். தமயந்தி சீட்டை வாங்கிப் பார்த்தாள். நீல வானம் இருந்தது, பேர் இருந்தது, கணக்குகள் இருந்தன, பதினைந்துக்கும் கிலோவுக்கும் நடுவே சைபர் விழுந்துபோன இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. ஆள் மட்டும் இல்லை. வசந்தராகவன் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மேடம், பிழைச்சீட்டே உலகத்துல ஒண்ணோ ரெண்டோதான். அதுலயும் ஆள் இறங்கிப்போன பிழைச்சீட்டு இது ஒண்ணுதான். ஆவணி மாசம் கண்காட்சி. நடுக் கண்ணாடிப் பெட்டி உங்களுக்கு. அதுவரைக்கும் இதைக் கண்ணு மாதிரி பாத்துக்குங்க.”

தமயந்தி சரி என்றாள். அன்று சாயங்காலம் பாலமுரளி கேட்டபோது, “தரிசனம் கெடச்சுது, ஆனா சாமி எறங்கி வெளிய போயிட்டாரு” என்றாள், அவர் “பரவால்ல, வந்துடுவாரு” என்று டீ போட எழுந்தார்.

சந்தை அவனை ஏற்றுக்கொண்டது. பல்லாவரத்துச் சந்தைக்கு எது வந்தாலும் ஏற்றுக்கொண்டுதான் பழக்கம். பாதிக் கட்டில் வந்திருக்கிறது, கப்பல் சுக்கான் வந்திருக்கிறது, ஒரு முறை முழு நீள சர்ச் பெஞ்சு வந்து மத்தியானத்துக்குள் விலைபோயிருக்கிறது. இரும்புமலை என்ற பேரை இரண்டாம் வாரமே மலை என்று சுருக்கிக்கொண்டார்கள். மலையண்ணே, இந்தத் தார்ப்பாய் முனையைக் கட்டிவிடு என்பார்கள், அவன் ஏணி இல்லாமல் கட்டிவிடுவான். லவ் பேர்ட்ஸ் கடையில் ஒரு பறவை பறந்துபோய் மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டால் படிக்கல்லை அவிழ்த்துவிட்டு, துணி காயப்போடுகிற மூங்கிலின் நுனியில் அவனை உட்காரவைத்து ஒற்றை ஆளாக உயர்த்துவார்கள், அவன் பறவையோடு பேசிக் கூட்டிக்கொண்டு இறங்குவான். மேற்கே காற்றா கிழக்கே காற்றா என்று தெரியவேண்டிய பொரிக்கடைக்காரர் அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்து அடுப்புக்குத் தகரம் மறைப்பார். காசு போட்டால் அட்டையில் எடையும் பலனும் வருகிற பழைய மெஷின் ஒன்று சந்தைக்கு வந்தபோது, அவனைத்தான் முதலில் ஏற்றினார்கள். பதினைந்து கிலோ, நீங்கள் கனமான பதவிக்கு வருவீர்கள் என்று அட்டை விழுந்தது, கூட்டம் கைதட்டியது.

பழைய சட்டைக் கடைக்காரர்கள் இரண்டு சட்டையை ஒன்றாகத் தைத்து அவனுக்கு மாட்டினார்கள். ஜிம்முக்குப் போகிற பையன்கள் கூட்டமாக வந்து சண்டைக்குக் கூப்பிட்டார்கள், ஒற்றைக் கையால் தூக்கிச் சுழற்றி எறிந்தார்கள், அவன் மாவிலை உதிர்வதுபோல் ஆடி ஆடி இறங்கி இரண்டு காலில் நின்றான். முதுகு தரையில் படாதவனை எப்படித் தோற்கடிப்பது, அவர்களே களைத்துப்போய் உட்கார்ந்தார்கள், அவன் அவர்களுக்கு விசிறிவிட்டான், அந்த விசிறியின் காற்றுக்கே ஓரடி பின்னால் நகர்ந்தான். பக்கத்து விமான நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், இது பறவையிலும் சேராமல் பட்டத்திலும் சேராமல் இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தார், “கயிறு கட்டியே வைங்கம்மா” என்று அந்தோணியம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு மேஜை விளக்கு வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மட்டும்தான் சந்தை, மற்ற நாட்களில் அவன் அனகாபுத்தூரில் அந்தோணியம்மா வீட்டில் இருந்தான். அவளுடைய இரும்பெல்லாம் அடுக்கியிருந்த முன்னறையில், கட்டில் காலோடு கயிற்றால் பிணைத்துக்கொண்டு படுப்பான். அவளிடமிருந்துதான் பேசக் கற்றுக்கொண்டான். முதலில் “தேநீர் அருந்தினீர்களா” என்றவன், மூன்றாம் வாரத்தில் “டீ சாப்ட்டியாம்மா” என்றான், அதற்கப்புறம் அவளையே அதட்டும் அளவுக்கு வந்துவிட்டான். அவளும் முன்பெல்லாம் யாரோடும் அதிகம் பேசாதவள், இப்போது இவனோடு வாய் ஓயாமல் சண்டைபோட்டாள். அவள் முகம் தெளிந்திருந்தது. சந்தைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வியாபாரத்தைக் கவனித்தார்கள்.

ஆடி பிறந்தது.

முதல் வெள்ளிக்கிழமை, அந்தோணியம்மா இரும்பு மூட்டையைத் தலையில் வைத்து வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். மூன்று நடை போனாள், நான்காம் நடையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலை ஓடிப்போய் மூட்டையைப் பிடித்தான். மூட்டை அவனையும் சேர்த்துக் கீழே இழுத்தது. கலீல் வந்துதான் இரண்டையும் தூக்கிவிட்டான்.

அன்று மத்தியானம் மலை கம்பம் கம்பமாகப் பிடித்துக்கொண்டு தமயந்தியிடம் வந்தான். அவள் பழைய தபால் அட்டைக் குவியலில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தரையில் புதைந்திருந்த ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க மலையண்ணே.”

“அந்தச் சீட்டுல ஒரு சைபர் போட்டா இன்னா ஆவும்?”

அவள் கை குவியலுக்குள் அப்படியே நின்றது.

“எதுக்கு?”

“பாய்ல படுத்தா, நான் படுத்தது பாய்க்குத் தெரியலக்கா. நடந்தா மண்ணுல அடி விழல. நானூத்திச் சொச்சம் பேரை ஜெயிச்சவன்னு எழுதிக்கீது, ஒரு மூட்டைய ஜெயிக்க முடியல. ஏழடிக்கு வளந்து நிக்கிறேன், அந்தம்மா செமக்குது, நான் காத்துல ஆடினு கீறேன்.”

தமயந்தி அவனைப் பார்க்கவில்லை. ஒரு சீட்டில் பேனா பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வெறுமையான இடம்தான் அதன் உயிர், அதற்காகத்தான் அவள் இருபது வருடம் வெயிலில் குந்தி உட்கார்ந்தாள். அதில் மை பட்டால் குப்பையில் கிடக்கிற மற்ற எந்தச் சீட்டைப் போலவும் ஒரு சீட்டு, அதிலும் கிறுக்கின சீட்டு.

“கண்காட்சி முடியட்டும் அண்ணே,” என்றாள். “ஆவணியில பாத்துக்கலாம்.”

“சரிக்கா,” என்றான் அவன். அவனுக்கு வருத்தப்படத் தெரியுமோ தெரியாதோ, சீட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. எழுந்து, கம்பம் கம்பமாகப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனான். அன்று அவளுக்குத் தபால் அட்டைகளில் எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் திறந்து முப்பத்தொரு பேரையும் வரிசையாகப் பார்த்தாள், கடைசி உறையில் வெறும் நீல வானம். பாலமுரளி எட்டிப் பார்த்துவிட்டு, “அழகாத்தான் இருக்கு” என்றார். அவளுக்கு ஏனோ கோபம் வந்தது.

அடுத்தடுத்த வாரங்கள் காற்று ஏறிக்கொண்டே போயிற்று. படிக்கல்லை இரண்டிலிருந்து நாலாக்கினார்கள். மலை அதிகம் நடக்காமல், குடைக்கம்பத்தோடு ஒரு கயிறும் கட்டிக்கொண்டு, அந்தோணியம்மாவின் கடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தமயந்தி அந்தப் பக்கம் போகாமல் வேறு வரிசையில் சுற்றினாள். சீட்டு மட்டும் எப்போதும் அவள் கைப்பையில், இரண்டு கண்ணாடித் தாளுக்கு நடுவே இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை.

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வியாபாரமே இல்லை. மண் பறந்தது, வந்தவர்களும் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தவழியே போனார்கள். அந்தோணியம்மா காலையிலிருந்து ஒரு பூட்டுகூட விற்காமல் உட்கார்ந்திருந்தாள். பழைய எடைக்கற்களைச் சேர்க்கிற ஒருவர் மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தார், கடைகளையெல்லாம் அலசிவிட்டு அவள் கடைக்கு முன்னால் நின்றார், தரையிலிருந்த எதையும் பார்க்காமல் மலையின் இடுப்பையே பார்த்தார். கிரீடம் பொறித்த பழங்காலப் படிக்கல். நாலும் ஒரே செட்.

“அது விக்கிறதுக்கு இல்ல சார்,” என்றாள் அந்தோணியம்மா.

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அந்த இடைவெளியில் மலை அவரைக் கூப்பிட்டான், நாலு முடிச்சையும் அவிழ்த்து, நாலு கல்லையும் அவரிடம் கொடுத்து, அவர் கொடுத்ததை வாங்கி அவள் கடையில் விட்டுப்போன சுருக்குப்பைக்குள் வைத்தான். இத்தனை நாளில் அவன் அவளுக்கென்று செய்த வியாபாரம் அது ஒன்றுதான். கம்பத்தில் ஒரு கயிறு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

அவள் திரும்பி வருவதற்குள் காற்று வந்துவிட்டது.

அது சட்டைகளை ஆட்டுகிற காற்று இல்லை. பல்லாவரம் குன்றின் அடிவாரத்திலிருந்து புழுதியை ஒரு சுவராக எழுப்பிக்கொண்டு, பழைய பேப்பரையும் பிளாஸ்டிக் கூடையையும் உருட்டிக்கொண்டு, கோழிக்கூண்டுகளைக் குப்புறத் தள்ளிக்கொண்டு வந்தது. வரிசையின் நடுவே இருந்த பெரிய தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கீழே நாலைந்து கடைச் சாமான். மலை பழக்கதோஷத்தில் எழுந்து அதன் முனையைப் பிடித்தான். தார்ப்பாய் பாய்மரமாக உப்பியது. அவன் அதோடு எழும்பினான், மஞ்சள் பூட்ஸ் தரையை விட்டது, கயிறு விறைத்தது, குடைக்கம்பம் பிடுங்கிக்கொண்டது.

“மலை! யோவ் மலை! உட்டுட்டு எறங்குய்யா!”

அந்தோணியம்மா ஓடிவந்து கம்பத்தின் மேல் விழுந்தாள். கம்பம் அவளை இழுத்துக்கொண்டு போனது. கலீல் பாய்ந்து பிடித்தான், லவ் பேர்ட்ஸ்காரர் பிடித்தார், பொரிக்கடைக்காரர் பிடித்தார், சட்டைக்காரர்கள் பிடித்தார்கள். மேம்பால உயரத்துக்குப் போய் இரண்டு கையாலும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஆடினான் அவன். விட்டால் தார்ப்பாய் போய்விடும் என்று பயந்தானோ, கை மறந்துபோயிற்றோ, விடவே இல்லை. சாக்குக் கயிறு நடுவில் ஒவ்வொரு இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. கீழே நின்றவர்களுக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது.

தமயந்தி அடுத்த வரிசையிலிருந்து கூச்சல் கேட்டு ஓடிவந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பெரிய உடம்பு நீல வானத்துக்கு நடுவே, இடுப்பில் கை வைக்க முடியாமல், சீட்டில் இருந்ததைவிடச் சிறியதாகத் தெரிந்தது. அவள் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினாள், சாவி விழுந்தது, சீப்பு விழுந்தது, சீட்டு விழுந்தது. கண்ணாடித் தாளைப் பல்லால் கிழித்தாள்.

“மெத்தைக்கு மேல இழுங்க! பழைய மெத்தை கடைக்கு மேல கொண்டுவாங்க!” என்று கத்தினாள்.

பழைய மெத்தைகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த கடை இருபது முப்பது அடி தள்ளி இருந்தது. கயிற்றைப் பிடித்தவர்கள் தேர் இழுப்பதுபோல் குனிந்து இழுத்தார்கள். தமயந்தி ஒரு கையில் சீட்டும் ஒரு கையில் பேனாவுமாகக் கூடவே ஓடினாள்.

“மேடம்! வேணாம் மேடம்! எழுதாதீங்க!” கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவர் வசந்தராகவன். கண்காட்சி அழைப்பிதழைக் கொடுப்பதற்காக அவளைத் தேடி வந்தவர். “திரும்பக் கிடைக்காது மேடம்! உலகத்துல ஒண்ணு!”

“ஆளும் ஒண்ணுதான் சார்!”

அவள் சீட்டை முழங்காலில் வைத்து, வெறுமையான அந்த இடத்தில் பேனாவை அழுத்தினாள். பேனா வழுக்கியது. மறுபடி அழுத்தினாள். கோடு விழவில்லை. மேலே பார்த்தாள், மெத்தைகளுக்கு நேர்மேலே வந்துவிட்டான், இன்னும் இரண்டு இழைதான் கயிறு. அவளுக்குக் கண் கலங்கிச் சீட்டே தெரியவில்லை.

வசந்தராகவன் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. பிறகு கையுறையை உருவி எறிந்தார்.

“வழவழ அட்டையில பால்பாயின்ட் பிடிக்காது மேடம்,” என்றார் அழுகிற குரலில். சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். “இந்தாங்க. உருண்டையாப் போடுங்க. ‘ஆறு’ மாதிரி ஆயிடப்போவுது.”

தமயந்தி பதினைந்துக்குப் பக்கத்தில் ஒரு சைபரைப் போட்டாள்.

கயிறு தொய்ந்தது. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பின்பக்கமாக விழுந்தார்கள். இரும்புமலை இந்திரஜித் நூற்றைம்பது கிலோவாக, தார்ப்பாயோடு, வானத்திலிருந்து வந்தான். முதல் மெத்தை வெடித்துப் பஞ்சு எழும்பியது, அதற்கடுத்த மெத்தைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்கின, அடுக்கு சரிந்தது, அவன் உருண்டு வந்து வெறும் தரையில் முதுகு பட விழுந்தான். அந்தச் சத்தம் பெரிய தெருவரைக்கும் கேட்டது என்கிறார்கள். தார்ப்பாய் மெதுவாக வந்து அவனை மூடியது.

காற்றுகூடக் கொஞ்சம் நின்றது.

அந்தோணியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்த் தார்ப்பாயை விலக்கினாள். அவன் கண் திறந்திருந்தது. முழங்கை சிராய்த்து, முதன்முறையாக அதில் ரத்தம் வந்திருந்தது. அவனுக்குக் கீழே மண் அவன் முதுகின் அச்சுக்குப் பள்ளமாக இறங்கியிருந்தது.

“உயிர் கீதா?” என்றாள் அவள்.

“தோத்துட்டேம்மா,” என்றான் அவன். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. “முதுகு பட்டுடுச்சி.”

“எழுந்திருய்யா, பாவி.”

“கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேனே. நல்லா புடிச்சினு கீது.”

அவள் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே கிரீடம் போட்ட கல்லை விற்றதற்காக அவனைத் திட்டினாள், அந்தச் சந்தையில் அதற்குமுன் யாரும் கேட்டிராத வார்த்தைகளெல்லாம் சொல்லித் திட்டினாள். லவ் பேர்ட்ஸ்காரர் மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்தார். மெத்தைக்காரர் மட்டும், இதை யார் தைப்பது என்று பஞ்சை அள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு வாரமும் சட்டைக்காரர்கள் சேர்ந்து தைத்துக்கொடுத்தார்கள்.

வசந்தராகவன் சீட்டை வாங்கி லென்ஸ் இல்லாமல் வெறும் கையால் பிடித்துப் பார்த்தார். மார்க்கர் சைபர் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, சற்றுக் கோணலாக, மை இன்னும் காயாமல் இருந்தது.

“போச்சு,” என்றார். “பத்துப் பைசாவுக்கு யாரும் எடுக்க மாட்டாங்க.” பிறகு, “கண்காட்சிக்குக் கட்டாயம் வாங்க மேடம். அவரையும் கூட்டிட்டு வாங்க. வாசல்ல கதவு கொஞ்சம் சின்னது,” என்று சொல்லிவிட்டு, கையுறையைத் தேடி எடுக்காமலே போய்விட்டார்.

தமயந்திக்கு வருத்தம் வரவேண்டும் என்று தோன்றியது. உள்ளே தேடிப் பார்த்தாள், வந்தது பசிதான். சீட்டின் மையை ஊதி உலர்த்தி, மலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“எனக்கு எதுக்குக்கா? உன் கட்டுல ஒண்ணு கொறையுமே.”

“உங்க எடை உங்க கையில இருக்கட்டும் அண்ணே. யாராவது கேட்டா ஆதார் கார்டு மாதிரி காட்டுங்க.”

அவன் அதை இரண்டு சட்டை சேர்த்துத் தைத்த சட்டையின் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். எழுவதற்கு நாலு பேர் கைகொடுக்கவேண்டியிருந்தது. அடி எடுத்து வைத்தான், மண்ணில் பூட்ஸ் பதிந்தது, திரும்பித் தன் காலடியையே பார்த்தான், இன்னொரு அடி வைத்துவிட்டு அதையும் பார்த்தான், அப்படியே கடைவரைக்கும் போய் அந்தோணியம்மாவின் இரும்பு மூட்டை இரண்டையும் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டான். அவள் “மெதுவா, மெதுவா” என்று கத்திக்கொண்டே வெறுங்கையோடு பின்னால் நடந்தாள்.

மூன்று பேருக்கும் பசி. சந்தை முனையில் பரோட்டா தின்றார்கள். மலை தின்றதைக் கடைக்காரர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, கல்லில் மறுபடி மாவு போட்டார். அப்புறம் இரும்பு மூட்டைகளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, அனகாபுத்தூர் ஷேர் ஆட்டோ ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார்கள். பம்மலில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லித் தமயந்தியும் ஏறினாள். முதலில் அவள், அடுத்து அந்தோணியம்மா, எதிர் சீட்டில் ஏற்கனவே பூக்கூடையோடு ஓர் அம்மா, டிபன் பையோடு ஒரு வாத்தியார். கடைசியாக மலை குனிந்து தலையை நுழைத்து உட்கார்ந்தான். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, முன்சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பி இறங்கியது, அத்தனை பேரும் வழுக்கிக்கொண்டு போய் அவன் மேல் விழுந்தார்கள், பூக்கூடை அவன் மடியில் கவிழ்ந்தது.

“யோவ், யாருய்யா அது கடைசில, இன்னா வெயிட்டு நீ?” என்று டிரைவர் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

“நூத்தம்பது கிலோ!” என்றான் மலை, வண்டிக்கே கேட்கும்படி. அவன் மேல் சாய்ந்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை, எழ முயன்ற வாத்தியாரும் அடுத்த பள்ளத்தில் திரும்ப அவன் மேலேயே விழுந்து சிரித்துவிட்டார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே கியர் மாற்றி, ஹாரன் அடித்துக்கொண்டு, பம்மல் ரோட்டில் திரும்பியது.